நல்ல தண்ணியில் கரைத்த சுண்ணாம்பு

கடற்பக்கச் சுவரைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தாள் எடித். செங்கல்லின் மேல் பூத்திருந்த உப்பு மாவாக உதிர்ந்து அவள் முன்கையிலும் சேலைத் தலைப்பிலும் படிந்தது. இடிந்துபோன ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம் ஒன்றின் கற்களை வண்டியில் ஏற்றிவந்து அவளுடைய தகப்பன் பள்ளிமுனையில் கட்டிய வீடு அது. மற்ற மூன்று சுவர்களும் தாக்குப்பிடித்துவிட்டன. கடலைப் பார்த்த சுவரை மட்டும் வருடா வருடம் வாடைக்காற்று தின்றுகொண்டிருந்தது. சில கற்களில் விரலை வைத்தால் குழி விழுந்தது.

தலைமன்னார்ச் சுங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்த தம்பி சிங்கராசா, போன மாதம் றெயிலில் வந்து இறங்கியவன், வீட்டுக்குள் வராமல் வெளியே ஒரு சுற்று நடந்தான். பிறகு, "இனியும் இதை இப்பிடி விடேலாது அக்கா. மேசன் ஒராளை அனுப்புறன். வெளிச்சுவர் முழுக்கத் திருத்திப் பூசுவம்," என்றான். எடித் குசினிக்குள் போய் அடுப்பை ஊதினாள். கண் கலங்கியதைப் புகையின் மேல் போட்டுவிடலாம்.

தாய் இறந்தபோது சிங்கராசா தவழ்கிற பிள்ளை. அவனை வளர்த்தவள் அவள். தகப்பன் பாரிசவாதத்தில் கிடந்த காலம் முழுவதும் அவரைப் புரட்டித் துடைத்தவளும் அவள்தான். கேட்டு வந்த சம்பந்தங்கள் அப்படியே கேட்டுக்கொண்டு போய்விட்டன. வீட்டைத் தகப்பன் மகன் பேரில் எழுதியிருந்தார். ஆனால் சாகும் முன் அவனைக் கூப்பிட்டு, அக்கா உயிரோடிருக்கும் வரை இந்த வீடு அக்காவுக்கென்று சிலுவையில் கைவைத்துச் சொல்லச் சொன்னார். அவன் விக்கி விக்கி அழுதபடி சொன்னான். அந்த அழுகையை எடித் இத்தனை வருடமும் ஒரு சொத்தைப் போல வைத்திருந்தாள்.

மேசன் அம்புறோஸ் உக்கிய கற்களைப் பெயர்த்து வேறு கல் வைத்தான். வீட்டுக் கிணற்றில் உப்புத் தண்ணீர். அதில் சுண்ணாம்பைக் கரைத்தால் சுவர் மறுபடி பூக்கும் என்பதை அந்தக் கரையில் எல்லோரும் அறிவார்கள். ஆகவே எடித் விடியவே எழுந்து, கோயிலுக்கு அப்பாலுள்ள நல்ல தண்ணிக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தாள். கிணற்றடியில் நின்ற பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். கனகம்மா தானே அள்ளி அவள் குடத்தை நிறைத்துவிட்டாள். தலையில் சுமந்த பாரத்தில் இரவில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலக்க அவளுக்கு ஆசை. தம்பி மஞ்சள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டிருந்தான். அவன் பெண்சாதிக்குப் பிடித்த நிறமாக்கும் என்று எடித் விட்டுக்கொடுத்தாள்.

மூன்று சுவர்களும் பூசி முடிந்திருந்த ஒரு காலையில் கூண்டு வண்டியொன்று வாசற் படலையடியில் நின்றது. மன்னார்ப் பட்டினத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் சரிபுதீனின் மனைவி றஹீமா இறங்கினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக நடந்து, காய்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பார்க்க வந்த முதல் ஆள். எடித்துக்குப் பெருமை தாங்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, எந்தக் கல் உக்கியது, எங்கே வெடிப்பு இருந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துச் செஞ்சிருக்கீங்க அக்கா," என்றாள் றஹீமா. "மஞ்சள் நான்தான் கேட்ட. வெள்ளையெண்டா வெயிலுக்குக் கண் கூசும்."

"நீங்கள் கேட்டதோ?"

"தம்பி சொல்லல்லையா? நாங்க பெருநாளைக்குப் பொறகு குடி வாற. நீங்க யாழ்ப்பாணத்துக் கன்னியர் மடத்துக்குப் போறீங்களாமே, அதுதான் உங்கட விருப்பமாம் எண்டு..." எடித்தின் முகத்தைப் பார்த்ததும் றஹீமா கோப்பையைக் கீழே வைத்தாள். "அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது அக்கா. சொல்லியிருப்பார் எண்டு நெனச்சன்."

வீட்டுக்கு வந்தவள் அப்படிப் பதறி நிற்பதை எடித்தால் பார்க்க முடியவில்லை. "தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது," என்றாள்.

வண்டி போன பிறகு ஏணியடிக்கு வந்தாள். அம்புறோஸ் சுண்ணாம்பு பூசும் மட்டையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு நின்றான்.

"நீயும் அறிஞ்சனியோ?"

"ஓம் அக்கா. எல்லாருக்கும் தெரியும். நீங்கள் வாய் திறக்கேல்ல, நாங்களும் கதைக்கேல்ல."

கிணற்றடியில் விலகி நின்றவர்களை நினைத்தாள். மரியாதை என்று அவள் எடுத்துக்கொண்டது வேறொன்று. கனகம்மா குடத்தை நிறைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இப்போதுதான் உறைத்தது. "கடற்பக்கம் பூச வேண்டாம்," என்று அம்புறோஸிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் சிங்கராசா வந்தான். பூசாத சுவரைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டான். கதிரையில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்தான்.

"கொழும்புக்கு மாத்திப் போட்டாங்கள் அக்கா. இதை வித்துத்தான் அங்க ஒரு வீடு எடுக்கவேணும். உங்களை இஞ்ச தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது? மடத்தில நல்லாப் பாப்பினம்."

"சிலுவையில கை வைச்சனீ."

"அது ஐயாவின்ர மனம் ஆறட்டும் எண்டு."

"சரி, என்னட்ட ஏன் சொல்லேல்ல?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "சொல்லியிருந்தா நீங்கள் தண்ணி சுமந்திருப்பியளோ?"

அதை அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னான். சிறு வயதில், பொய் சொல்லாதே, கேட்டால் உள்ளதைச் சொல் என்று அவனுக்குப் பழக்கியவள் அவள். அவன் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று எடித்துக்கு இருந்தது.

"மடத்துக்கு நான் போகேல்ல," என்றாள். "கன்னியருக்குச் சொல்லிவிடு. றஹீமாவோட நான் கதைக்கிறன்."

"என்னத்தைக் கதைக்கப் போறியள்?"

எடித் அவனுக்குச் சோறு போட எழும்பினாள். அவன் சாப்பிடாமலே றெயிலுக்குப் புறப்பட்டான். படலையில் ஒருமுறை நின்று, சுவரையா அவளையா என்று சொல்ல முடியாதபடி திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

வெயில் சரிந்தபோது ஊரில் அவிழ்ந்து திரியும் கழுதைகள் கூட்டமாகச் சுவர் நிழலுக்கு ஒதுங்கின. அதில் ஒன்று புதுச் சுவரில் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டு, முதுகை மேலும் கீழும் தேய்த்தது. கையில் முற்றம் கூட்டும் தும்புத்தடி இருந்தும் எடித் விரட்டவில்லை. ஆசை தீரத் தேய்த்த பிறகு அது உடம்பை உதறிக்கொண்டு கரைப்பக்கம் நடந்தது. அதன் ஒரு விலா முழுவதும் மஞ்சள். வலை காயப்போட்டிருந்த இடம் தாண்டி, வற்றிய கடலின் சேற்றில் கால் வைத்து இறங்கும்வரை அந்த மஞ்சள் தெரிந்துகொண்டே இருந்தது.