நூற்று அறுபத்தெட்டு

வாட்ச் சரியாக எண்ணுகிறதா என்று எண்ணிப் பார்ப்பதுதான் என் வேலை. மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் பாய்ச்சி, தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தை வைத்து இதயத்துடிப்பைச் சொல்லும் வாட்ச். ஆட்களை டிரெட்மில்லில் மூச்சிரைக்க ஓடவிட்டு, அது காட்டும் எண்ணை நெஞ்சில் கட்டிய பட்டை காட்டும் எண்ணோடு ஒப்பிடுவோம். அன்று ஓட வேண்டியவர் வரவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தான். நான் கூப்பிட்டால் வந்துவிடுவான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

வேகத்தைக் கூட்டியதும் வாட்ச் நூற்று அறுபத்தெட்டில் ஆடாமல் அசையாமல் நின்றது. பட்டையோ இருநூற்றுப் பத்து, இருநூற்று முப்பது என்று குதித்தது. ஈரமாக இருந்தால்தான் பட்டை துடிப்பைச் சரியாகப் பிடிக்கும்; தாறுமாறாகக் காட்டினால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். தண்ணீர் தொட்டு நனைப்போம். வேகத்தைக் குறைத்து நனைத்துவிட்டு மறுபடி கூட்டினேன். அவன் பனியனைப் பிழிந்தால் அரை வாளி வியர்வை தேறும். அப்புறம் பட்டை எப்படிக் காயும்? அது என் மண்டையில் ஏறவில்லை.

"அக்கா, நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது" என்றான்.

வீட்டில் துணி காயப்போடச் சொன்னாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பவன் அவன்.

"வாட்ச் நல்லாத்தான் காட்டுது. நடிக்காம இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடுடா" என்றேன்.

ஓடினான். ஒன்றரை நிமிடத்தில் விழுந்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை நானும் கூட வேலை பார்க்கும் பொறியாளரும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். அவன் எழவில்லை.

எல்லாச் சோதனையையும் வீடியோ எடுப்போம். அடுத்த வாரம் அன்றைய வீடியோவைப் போட்டு அவன் காலடிகளை எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்று அறுபத்தெட்டு. கால் விழும் அதிர்வில் ஏமாந்து, வாட்ச் அவன் இதயத்தை விட்டுவிட்டுக் கால்களை எண்ணியிருக்கிறது. வேகமாக ஓடும்போது இப்படி நடக்கும் என்று புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பவள் நான்தான்.

பொறியாளர் நல்ல மனிதர். இயந்திரக் கோளாறுக்கு யார் என்ன செய்ய முடியும் என்று ஆறுதல் சொன்னார். அறிக்கையிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா அதைப் பிரிக்கக்கூட இல்லை.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அவன்?" என்று கேட்டாள்.

அறிக்கை அவள் மடியிலேயே கிடந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால், அவன் சொல்லவே இல்லை என்று அம்மா நம்பியிருப்பாள்.

"சொன்னாம்மா. நான்தான் நம்பல."