மூலையில் ஒரு குட்டை நாற்காலி

1

இந்தக் கதை என் கால் பட்டுக் கவிழ்ந்த ஒரு கூடையிலிருந்து பிறந்தது. உள்ளத்தில் ஊறியது, கனவில் வந்தது என்றெல்லாம் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நடந்தது இவ்வளவுதான்: குழந்தைகள் காப்பகத்தின் தூங்கும் அறையில், மரக்கட்டைகள் நிறைந்த கூடையை உதைத்துத் தள்ளினேன். (வேண்டுமென்று இல்லை. கால் மரத்துப்போயிருந்தது.) கட்டைகள் தடதடவென்று அறை முழுக்கச் சிதறின. செத்தேன் என்று நினைத்தேன்.

தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டன. ஒன்றுகூட அழவில்லை.

என்னைப் பார்க்கவும் இல்லை. எழுந்து உட்கார்ந்து, எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. அங்கே மூலையில் ஒரு குட்டை நாற்காலி இருந்தது. அதில் யாரும் இல்லை.

2

முதல் வாக்கியத்துக்கு இவற்றையெல்லாம் எழுதிப் பார்த்தேன்:

“அந்த அறையில் ஏதோ ஒன்று இருந்தது, அது—”

(எந்த அறையில்தான் ஏதோ ஒன்று இல்லை? அடித்தாயிற்று.)

“மதிப்பீட்டாளர் கடுமையான பெண்மணி. அவருடைய உதடுகள்—”

(மதிப்பீட்டாளர் என் அக்கா. இதைப் படிப்பாள். அடித்தாயிற்று.)

அக்காவின் வேலை காப்பகங்களின் தரம் பார்ப்பது. டயப்பர் மாற்றியதும் கை கழுவுகிறார்களா, தூக்குவதற்கு முன் “தூக்கப் போறேன் கண்ணு” என்று சொல்கிறார்களா, அழுகிற பிள்ளையிடம் யாராவது போகிறார்களா. ஒரு மூலையில் சிரிக்காமல் பேசாமல் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்து பார்ப்பாள், மதிப்பெண் போடுவாள். குறைந்தால் எப்படித் திருத்துவது என்று கற்றுக்கொடுத்துவிட்டு, மறுபடி மறுபடி வந்து பார்ப்பாள். இந்தக் காப்பகம் ஒரு காலத்தில் அவளுக்குத் தலைவலி. இப்போது பெருமை. போகிற இடமெல்லாம் இதைத்தான் உதாரணம் காட்டுகிறாள்.

ஆள் வந்து உட்காருவதைக் கண்டு பிள்ளைகள் மிரளக் கூடாதென்று அவளே ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். அவள் உட்காரும் நாற்காலி எப்போதும் அதே மூலையில் இருக்கும். வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. பிள்ளைகளுக்குப் பழகிவிடுமாம்.*

* பழகிவிட்டது.

3

கதைக்காக வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லித்தான் ஒட்டிக்கொண்டேன். உண்மையில் வரும் திங்கள் முதல் என் மகளை இங்கே விடவேண்டும். வீட்டில் அவளைப் பூசணி என்போம். அவள் அம்மாவும் நானும் வேலைக்குப் போகவேண்டும். (கதை எழுதுவதை எங்கள் வீட்டில் வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சம்பளம் வருகிற வேலையைச் சொல்கிறேன்.) பூசணி அழுதால் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து விசாரிப்பார். அப்படி ஒரு குரல். அந்தக் குரல் இங்கே என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நிர்வாகியிடம் கேட்டேன். சுவரின் நிறத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். இளநீலம் மனசை அமைதிப்படுத்துமாம். மூத்த ஆயாவிடம் கேட்டேன். நல்ல பிள்ளைங்க சார் என்று சொல்லிவிட்டு, மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தார். அக்காவிடம் கேட்டேன்.

“அழலைன்னா சந்தோஷப்படுடா. கூடையை உதைச்சதும் நீ, குறை சொல்றதும் நீயா?”

“எல்லாம் உன் நாற்காலியையே பாத்துச்சுக்கா.”

“நான் எங்க இருந்தேன்?”

“பால் கலக்கிற இடத்தைப் பாக்கப் போயிருந்தே.”

“அப்போ என்னைத் தேடியிருக்கும்” என்றாள். சொன்னதும் அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

(இந்த இடத்தில் அக்கா என் கையிலிருந்து நழுவுகிறாள். கேலி செய்யத்தான் இந்தப் பத்தியைத் தொடங்கினேன். இத்தனை வருஷம் மூலையில் உட்கார்ந்தவளை யாரோ தேடினார்கள் என்றால் அவள் சந்தோஷப்படக் கூடாதா?)

ஒன்றை அவளிடம் சொல்லவில்லை. கூடை கவிழ்ந்தபோது ஆயாக்கள் இரண்டு பேரும் அறையில்தான் இருந்தார்கள். என்னை அக்காவின் பை தூக்க வந்தவன் என்று நினைத்திருக்க வேண்டும். வராந்தாவில் அவள் காலடிச் சத்தம் கேட்டபிறகுதான் இருவரும் குழந்தைகள் பக்கம் நகர்ந்தார்கள்.

4

முடிவு அ: நாற்காலியில் ஓர் ஆவி. (நாற்காலியின் உயரத்துக்கு ஏற்ற குட்டி ஆவி. ஆனால் பேய்க்கதை எழுதினால் நான் குளியலறைக்குத் துணை தேட வேண்டியிருக்கும்.)

முடிவு ஆ: நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பல்லி. எல்லோரும் சிரிக்கிறார்கள். திங்களன்று பூசணி சேர்கிறாள். (இதைத்தான் ஆசை ஆசையாக எழுதினேன். திரும்பிப் பார்த்தேன். பல்லி இல்லை.)

முடிவு இ: நான்—

5

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று உங்களிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்று காலை, அன்றைக்குக் குடையை விட்டுவிட்டேன் என்று சொல்லி, அக்கா இல்லாமல் காப்பகத்துக்குத் திரும்பி வந்தேன். (குடை என் பையில் இருக்கிறது.) முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூக்கமும் இல்லை, விளையாட்டும் இல்லை. ஒரு குழந்தை தவழ்ந்து போய், காலி நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் டயப்பர் நனைந்து கனத்துத் தொங்கியது. சத்தமே இல்லை.

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் தாடையில் இடித்தது.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. தூக்கச் சொல்லும் கைகள். என்னைப் பார்த்தல்ல, ஆயாக்களைப் பார்த்து.

என் கைகளுக்கும் ஏதாவது வேலை வேண்டியிருந்தது. பேனாவும் தாளும் எடுத்தேன். ஆயாக்கள் அதைக் கவனித்தார்கள். “தூக்கப் போறேன் கண்ணு” என்று ஒரு குரல். கை கழுவும் சத்தம். மெல்லிய பாட்டு. அக்கா கற்றுக்கொடுத்ததில் ஒன்றுகூடத் தவறாமல் நடக்கிறது. அதனால் எழுதிக்கொண்டே இருக்கிறேன். மேலே நீங்கள் படித்த அடித்தல், அடைப்புக்குறி, மூன்று முடிவு எல்லாம் இந்த நாற்காலியில் நேரத்தை இழுப்பதற்காக எழுதியவை. கதை முடிந்தால் பேனாவை மூடவேண்டும். மூடினால் எழுந்திருக்கவேண்டும்.

பூசணியை வேறெங்காவது விட்டுக்கொள்ளலாம். இதுகளை? நான் எழுந்திருக்கும் வாக்கியத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வரவில்லை.

மூத்த ஆயா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்தபடி பக்கத்தில் வந்து நிற்கிறார். முகத்தில் கோபம் இல்லை. களைப்புதான்.

“எப்போ சார் கிளம்புவீங்க?”

“நான் கிளம்பினா என்ன ஆகும்?”

அவர் குழந்தையைப் பார்க்கிறார். அது நாற்காலியைப் பார்க்கிறது.

“கீழ இறக்கி விட்டுடுவோம் சார். இருக்கிறது ரெண்டே பேரு, எத்தனையைத் தூக்குறது? இது அழாது. அழுதா நாங்க வர மாட்டோம், நாற்காலியில ஆள் இருந்தா வருவோம்னு இதுக்குத் தெரிஞ்சு போச்சு.”