நாலு வேளைச் சொட்டு

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி காலையில், காரைக்கால் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால், மலர்வளையம் வைத்திருந்த முக்காலியை ஆந்துவான் இடித்துத் தள்ளினார். மார்பில் நான்கு பதக்கங்கள் ஆட, மூவர்ணக் கொடியைப் பிடித்தபடி பிரெஞ்சுப் பட்டாளத்துப் பழைய சொல்தாக்களின் வரிசைக்கு முன்னால் நடந்து வந்தவர் அவர். இடப்பக்கம் திரும்பச் சொல்லிக் கட்டளை வந்ததும், அறுபத்தொரு வயது என்று யாரும் நம்ப முடியாதபடி குதிகாலில் சுழன்று திரும்பினார். திரும்பிய வேகத்தில் முழங்கால் முக்காலியில் மோதியது. மலர்வளையம் உருண்டு போய், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் ஒருவருடைய காலணியில் சாய்ந்து நின்றது.  கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"முசே காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டாரு போலருக்கு."

பெண்கள் பக்கம் நின்றிருந்த அவர் மனைவி எலேனுக்குச் சுருக்கென்றது. காலையில் அவர் சாப்பிட்டது ஒரு கோப்பை கறுப்புக் காப்பியும் ஒரு ரொட்டித் துண்டும். கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ், மகள் ஷந்தாலின் பிறந்தநாளுக்கு ஒரு கிளாஸ், அதற்குமேல் தொடாத மனிதர். ஊரில் குடிப்பவனெல்லாம் கௌரவமாக நடமாட, குடிக்காத இவருக்குக் குடிகாரப் பட்டம். சொன்னவன் யாரென்று திரும்பிப் பார்த்து முறைத்தாள். முறைத்து முடித்த பிறகுதான் வேறொன்று மனதில் இடறியது. முக்காலியின்மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவருடைய இடது காலிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. குருடனுக்குக்கூடத் தெரிந்திருக்குமே என்று நினைத்தாள், நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த ஆந்துவான் பதக்கங்களைக்கூடக் கழற்றவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய், தரையில் சிவப்புப் பெயிண்டால் போட்டிருந்த கோட்டின்மேல் நின்றார். எதிர்ச்சுவரில், திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை ஒன்று தொங்கியது. சைகோனில் இராணுவ மருந்தகத்தை மூடியபோது, மற்றவர்கள் கடிகாரத்தையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு போக, இவர் அந்த அட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வருடந்தோறும் ஜூலை பதினாலாம் தேதி, அணிவகுப்பு முடிந்த கையோடு வீட்டில் கண் பரிசோதனை. சரியாக ஐந்து மீட்டர். எலேன் துடைப்பக்குச்சியால் எழுத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும், அவர் வாசிக்க வேண்டும். கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு. ஆளாளுக்கு ஒரு கிறுக்கு, இவருக்கு இது என்று எலேனும் முப்பது வருடமாகக் குச்சி பிடித்து வந்தாள். உள்ளூர அவளுக்கும் அதில் பெருமைதான்.

அன்றைக்கும் அவர் தப்பு விடவில்லை. "அஷ், ஸெத், இக்ரெக்" என்று பிரெஞ்சு உச்சரிப்பில் கடைசி வரியைக் கணீரென்று முடித்துவிட்டு, "பாத்தியா? கண்ணுல ஒரு கொறையும் இல்ல. முக்காலிய வச்சவனுக்குத்தான் அறிவில்ல" என்றார்.

எலேன் வழக்கம்போல் கை தட்டவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நாளாக நடந்தவையெல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசை கட்டின. தட்டுக்கு இடப்பக்கம் மீன் குழம்பை வைத்தால், "கொழம்பு எங்க?" என்று கேட்கிறார். கோயிலில் பக்கத்து பெஞ்சில் இருந்த பழைய சிநேகிதர் தலையசைத்தும் இவர் கண்டுகொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் என்று ஊர் பேசியது. பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் மாரிக்கண்ணு போன வாரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "முசேவுக்கு எம்மேல என்ன கோவம் மதாம்? ஓரமாத்தான் ஒக்காந்திருக்கேன், கூடைய மிதிச்சிக்கிட்டுப் போறாரு. ஒரு வார்த்த சொல்லலியே." ஒன்றுக்கு மறதி, ஒன்றுக்குத் திமிர், ஒன்றுக்கு வயசு என்று எலேன் தனித்தனிக் காரணம் வைத்திருந்தாள். இன்றைக்கு அந்தக் காரணம் எதுவுமே நிற்கவில்லை.

டாக்டரிடம் வாருங்கள் என்றால் வரமாட்டார். எலேனுக்கு அவரைத் தெரியாதா? இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் சொன்னாள்: "அத்தான், கண் டாக்டர் கையால ஒரு சீட்டு வாங்கிட்டு வந்துடுவோம். கண்ணு ஒழுங்கா இருக்குன்னு. குடிச்சாருன்னு சொன்ன வாய அடைக்கணும்ல?" மனிதர் உடனே கோட்டுக்கு இஸ்திரி போடச் சொன்னார்.

டாக்டர் திரிபுரசுந்தரி சனிக்கிழமைகளில் தஞ்சாவூரிலிருந்து வந்து, மாதா கோயில் வீதியில் ஒரு வீட்டு முன்னறையில் கண் பார்ப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும், குரல் தணிந்துதான் வரும். ஆந்துவான் அங்கிருந்த அட்டையை மேலிருந்து கீழே வாசித்தார். கேட்காமலே கீழிருந்து மேலேயும் வாசித்தார். டாக்டர் சிரித்தார். "ரொம்ப நல்லாருக்கு சார். இப்ப வலது கண்ண மூடிக்கிட்டு என் மூக்கையே பாருங்க. பக்கத்துலேர்ந்து ஒரு வெள்ள மணி வரும். தெரிஞ்ச ஒடனே சொல்லுங்க."

குச்சியின் முனையில் ஒரு வெள்ளை மணி. டாக்டர் அதை அவருடைய இடப்பக்க ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்தினார். ஆந்துவானுக்குப் பின்னால் நின்ற எலேனுக்கு அது எடுத்த எடுப்பிலேயே தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மணி அவருடைய தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, கன்னத்துக்கு நேராக வந்தது. 'அதோ இருக்கே, சொல்லுங்களேன்' என்று எலேனின் தொண்டை வரை வந்துவிட்டது. பரீட்சையில் பிள்ளை விழிப்பதைப் பார்க்கிற தாயைப் போல முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். மணி டாக்டரின் கன்னத்தைத் தொடப்போகும்போதுதான் அவர், "ஆங், இப்ப!" என்றார். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். எலேனுக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு அவரைப் படுக்க வைத்து, மரத்துப்போகச் சொட்டு விட்டு, சின்னக் கருவி ஒன்றைக் கண்மேல் நிறுத்தி அழுத்தம் பார்த்தார்கள். டாக்டர் விளக்கை அணைத்துக் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். கடைசியில் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"குளுக்கோமான்னு பேரு. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிடும். வலிக்காது. ஓரத்துப் பார்வைதான் மொதல்ல போகும். எழுத்து படிக்கிற நடுப் பார்வை கடைசியாத்தான் போகும், அதனால போறதே தெரியாது. போனது திரும்பாது சார். இருக்கறதக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து, நாலு வேளை, ஆயுசுக்கும். அப்பப்ப வந்து அழுத்தம் பாக்கணும்."

வீடு திரும்பும்போது எலேன் எப்போதும்போல அவருக்கு இடப்பக்கம் நடந்தாள். கல்யாணமாகி முப்பத்துநாலு வருடமாக அந்தப் பக்கம்தான். எத்தனை நாளாக இவர் கண்ணுக்கு நான் இல்லாமல் இருந்தேனோ என்று தோன்றியது. அவர் சீட்டு கிடைக்காத கோபத்தில் விறுவிறுவென்று முன்னால் போனார்.

மருந்து எரிந்தது. போட்டால் புருவத்துக்கு மேல் விண்ணென்று தெறித்தது, சாயங்காலமானால் எல்லாம் மங்கியது. நாலாம் நாள் அவர் கோட்டின்மேல் நின்று வாசித்துப் பார்த்தார். கடைசி வரி தெரியவில்லை. "இப்ப என்ன சொல்ற? நல்லா இருந்த கண்ண இந்தத் தண்ணிதான் கெடுக்குது." அதற்கு மேல் அவருக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. போட்டுவிட்டேன், போட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சீசாவில் மருந்து மூன்று வாரமாக இறங்கவே இல்லை.

எலேன் கெஞ்சினாள், கத்தினாள், ஒருநாள் சாப்பாடு போடாமல் இருந்து பார்த்தாள். ஆந்துவானின் அப்பா கடைசி ஆறு வருடம் எப்படி இருந்தார் என்று எடுத்துச் சொன்னாள். சுவரைத் தடவிக்கொண்டு வாசற்படியைத் தேடுவார். புரை என்றார்கள், பழுக்கட்டும் என்றார்கள், வயசானால் அப்படித்தான் என்றார்கள். "எங்க அப்பாவுக்கு எழுத்து தெரியல. எனக்குத் தெரியுது" என்று அவர் எழுந்து போய்விட்டார். அன்றைக்குத்தான் எலேனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இந்த மனிதர் கடைசி எழுத்து மறைகிற நாள் வரைக்கும் ஜெயித்துக்கொண்டே இருப்பார்.

அடுத்த சனிக்கிழமை இறங்காத சீசாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் மட்டும் டாக்டரிடம் போனாள். எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் கேட்டுவிட்டு, "இது குடும்பத்துல ஓடும் மதாம். அவங்க ரத்த சொந்தம் எல்லாரும் வந்து பாத்துக்கணும். யார் யார் இருக்காங்க?" என்றார்.

"கூடப் பொறந்தவங்க இல்ல. பொண்ணு பிரான்சுல இருக்கா, எழுதறேன்."

"வேற?"

வேறு யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்த எலேன் சிரித்துவிட்டாள். "நான் இருக்கேன் டாக்டர். அவரு என் தாய்மாமன் மகன்." ரத்த சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யத் திருச்சபை விடாது என்று பாண்டிச்சேரி மேற்றிராணியாருக்கு எழுதி அனுமதி வாங்கி, அந்தக் காகிதம் வந்து சேர இரண்டு மாதமாகி, அதற்குள் கல்யாணப் பலகாரமெல்லாம் தீர்ந்துபோன கதையையும் சொன்னாள். டாக்டரும் சிரித்தார். சிரித்தபடியே, "ஒங்க கண்ண கடைசியா எப்ப பாத்தாங்க?" என்று கேட்டார்.

எலேன் யோசித்தாள். அம்மாவுக்குத் துணையாக வந்திருக்கிறாள். மாமாவுக்குத் துணையாக. இவருக்குத் துணையாக. எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை பெஞ்சு. வீட்டிலேயே அட்டை இருக்கிறது, முப்பது வருடமாகக் குச்சி பிடித்திருக்கிறாள். அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் அவள் ஒருநாளும் நின்றதில்லை. நின்று பார் என்று யாரும் சொன்னதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை.

"ஒக்காருங்க" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது கைப்பையில் இரண்டு சீசாக்கள் இருந்தன. ஆந்துவான் கூடத்தில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் எதிரே மேசைமேல் இரண்டையும் வைத்தாள்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு எனக்கு."

அவர் ரேடியோவை நிறுத்தினார். "ஒனக்கா? ஒனக்குத்தான் எல்லாம் தெரியுதே."

"ஒங்களுக்கும் தெரிஞ்சிதே, அத்தான்."

 எலேன் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். இரண்டு கண்ணிலும் அழுத்தம் இருக்கிறது, நரம்பு இன்னும் பெரிதாகக் கெடவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். சொல்லும்போது குரல் தடுமாறிவிட்டது. அவருக்காக இத்தனை நாள் பட்ட பயத்தில் தனக்கென்று பயப்பட அவளுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை, இப்போதுதான் அது வந்தது. ஆந்துவான் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். அலாரம் கடிகாரத்தை எடுத்து வந்து ஆறு, பன்னிரண்டு, நாலு, ஒன்பது என்று ஒரு காகிதத்தில் எழுதி அதன் அடியில் சொருகினார். பட்டாளத்துக் குரல் திரும்ப வந்திருந்தது.

"படு."

"நான் போட்டுக்குவேன்."

"படுன்னா படு."

எலேன் கட்டிலில் மல்லாந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சீசாவைத் திறந்தார். 

"ரொம்ப எரியுமா?" என்று கேட்டாள்.

"சே, அவ்வளவா எரியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரமாக வீட்டையே இரண்டாக்கியவர் சொல்கிற பேச்சு. "அப்ப ஒங்களுக்கு?"

"மொதல்ல ஒனக்கு. அப்பறம் நீ எனக்கு."

முதல் சொட்டு கன்னத்தில் விழுந்து காதுக்குள் ஓடியது. இரண்டாவது புருவத்தில். "அசையாத" என்று அதட்டினார். அவள் அசையவே இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். அவர் தலையணைக்கு வலப்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருந்தார், அவள் முகம் அவருக்கு இடப்பக்கம் கிடந்தது. அவர் அவள் கண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

எலேன் தலையணையோடு நகர்ந்து வந்தாள். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அவருடைய பார்வை வந்து அவள் கண்ணில் நின்றது. சீசாவின் நுனியில் சொட்டு திரண்டு தொங்கியது.