விஜயலட்சுமிக்குக் கொடுத்த மசாலாப் பொடி

நான் பக்கீர் முகமது, கள்ளக்குறிச்சியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனாலும் வெளிநாடு போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்காமல் கிளம்ப மாட்டார்கள். பாஸ்போர்ட்டை நகலெடுத்து வேறு பையில் வையுங்கள், பெட்டிக்கு அடையாளமாகச் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள் என்று பொட்டலம் மடித்துக்கொண்டே சொல்வேன். பாதி, போய் வந்தவர்கள் சொன்னது. மீதி என் சொந்தச் சரக்கு.

களமருதூர் விஜயலட்சுமி இருபது வருஷ வாடிக்கை. மகள் பிரசவத்துக்காகத் துபாய் கிளம்பினார். தனியாக உளுந்தூர்பேட்டையைத் தாண்டாத அம்மா, நான் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். அங்கே மசாலாவில் மணமே இருக்காது என்று, நானே வறுத்து அரைத்த கறிமசாலாவில் ஒரு கிலோவைக் கட்டிக் கொடுத்தேன்.

அவர் விமானம் ஏறவேண்டிய நாள் காலை, என் மனைவியின் தம்பி ரவூப் கடைக்கு வந்தான். துபாயில் எட்டு வருஷம் டிரைவராக இருந்தவன். அவனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

"அதுல கசகசா போட்டீங்களா மச்சான்?"

கசகசா இல்லாமல் கறிமசாலாவா என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அங்க அது போதைப்பொருள் கணக்கு. புடிச்சா ஜெயிலு."

உடனே போனை எடுத்தேன். விஜயலட்சுமியைக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. சார்ஜை மிச்சம் பிடிக்க, ஏர்போர்ட்டுக்குள் போனதும் அணைத்து வையுங்கள் என்று சொன்ன மகாராசனும் நான்தான்.

வழியனுப்பப் போயிருந்த அவர் கணவர் ராஜாங்கம் நான்காவது தடவை எடுத்தார். ஏர்போர்ட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். விஷயத்தை மூன்று தடவை சொல்லிப் புரியவைத்தேன். உள்ளே போன யாரோ ஒரு பயணியிடம், மஞ்சள் சேலை கட்டிய என் சம்சாரத்தை உடனே போன் போடச் சொல்லுங்க என்று அவர் கெஞ்சுவது கேட்டது. அதோடு லைன் போய்விட்டது.

அடுத்த நாற்பது நிமிஷம் நான் நானாக இல்லை. துவரம்பருப்பைச் சர்க்கரை மூட்டையில் கொட்டினேன். நிறைமாதப் பெண் அம்மாவுக்காகக் காத்து நிற்க, அம்மாவைப் போலீஸ் கூட்டிப்போவது கண்ணுக்குள்ளேயே நின்றது.

கடைசியில், கணவரிடம் பேசிவிட்டு விஜயலட்சுமியே கூப்பிட்டார். பெட்டியை இன்னும் உள்ளே போடவில்லை, பொடியைக் குப்பையில் போட்டாயிற்று என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று கல்லாப்பெட்டி மேலேயே சாய்ந்துவிட்டேன்.

"பாய், லைன்ல நின்னுக்கினு இருக்கேன். பெட்டி தொறந்துதான் கெடக்குது. இன்னும் இன்னா இன்னா எடுக்கணும், சீக்கிரம் சொல்லுங்க."

வழக்கம்போல ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாதும்மா. உங்க மருமகனக் கேட்டுக்குங்க."



"அப்ப இத்தினி நாளா இன்னாத்துக்கு பாய் சொல்லிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டார்.