ஆட்டுக்கால் மேல் விழுந்த பழி

கறிக்கடை அப்துல் மஜீத் பாய்க்கு மாசாணம் தரவேண்டிய பாக்கி எண்ணூற்று நாற்பத்தைந்து ரூபாய். அத்தனையும் ஆட்டுக்கால் வாங்கிய வகையில்.

மாசாணம் உக்கடம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். மனைவி கருப்பாத்தாளுக்கு மாரடைப்பு வந்தபோது, இருதயத்து ரத்தக்குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பை விரித்தார்கள். செலவைச் சுமைதூக்குவோர் சங்கம் ஏற்றுக்கொண்டது. வீடு திரும்பியவள் துரும்பாய்க் கிடந்தாள். தேறட்டுமென்று அவனே ஞாயிறுதோறும் கடனுக்குக் கால் வாங்கி, மிளகு தட்டிப் போட்டு சூப்பு வைத்துக் கொடுத்தான். முகம் தெளிந்தது. ஆனால் சில மாதத்திலேயே மறுபடியும் நெஞ்சுவலி.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். "குழாய்க்குள்ள சதை வளந்திருக்கு, திரும்ப பலூன் விடோணும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மாசாணம் சூப்பு வைத்த ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பார்த்தான். ஊட்டி ஊட்டிச் சதையை வளர்த்தது அவன்தானே!

அன்றோடு சூப்பு நின்றது. கம்பங்கூழும் மோரும்தான். காரணத்தை அவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. பாயிடம் மட்டும் சொன்னான்.

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "எங்கடைப் பொருளு ஒரு பொம்பளையோட நெஞ்சை அடைச்சுதுன்னா, அந்தக் காசு எனக்கு ஹலாலாகாது, மாசாணம்." சிலேட்டில் இருந்த தொகையைத் துடைத்துவிட்டார். "ஆனா வெளிய சொல்லிப்போடாதே. ஞாயித்துக்கெழமை யாவாரமே காலுலதான் ஓடுது."

பாக்கி போயிற்று. நெஞ்சிலிருந்த பாரம் போகவில்லை.

அடுத்த மாதம், இரண்டாம் பலூனுக்கு முன்னால் டாக்டர் லட்சுமணசாமி அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஏனுங்கம்மா இப்படி எளைச்சுட்டீங்க?"

"கூழையே ஊத்தறாருங்க. ஆட்டுக்காலைக் கண்ணுல காட்டறதில்லீங்க."

மாசாணத்துக்கு அடக்க முடியவில்லை. "நாந்தானுங்க சாமி, சூப்பு குடுத்து அந்தச் சதைய வளத்திப்போட்டேன்."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"திங்கற கறி அங்க போறதில்லீங்க. அது குழாயோட சொந்தச் சதை. கருவுல ரத்தக்குழாய் வெறும் மெல்லிசு ஜவ்வாத்தான் இருக்கும். அந்த ஜவ்வு வளர்ச்சிக் காரணின்னு ஒரு பொருளை விட்டு, வாங்கன்னு கூப்பிடும். சதைச் செல்லுங்க நகர்ந்து வந்து, பெருகி, குழாயைச் சுத்திக்கும். அப்பறம் பெருகறதை விட்டுட்டு, சுருங்கி விரியற வேலையை மட்டும் பார்க்கும். பலூன் விரிச்சதுல உள்ள காயமாச்சு. ரத்தத்தை உறைய வெக்கற தட்டணுங்க காயத்துல ஒட்டி, அதே மாதிரிப் பொருளைக் கக்கும். அடங்கியிருந்த சதை, கருவுல பண்ணுனதையே திரும்பப் பண்ணிப்போட்டுது. யாருக்கு இப்படி ஆகும்னு எங்களுக்கே முன்கூட்டிச் சொல்லத் தெரியலை."

மாசாணம் யோசித்தான். "லாரி வந்திருச்சுன்னு ஆரோ கூப்புட, எங்காளுக எல்லாம் ஓடிப்போயி வழிய அடைச்சுக்கிட்டு நின்னாப்பலயா?"

"அதேதானுங்க. மேல மிதக்கற கொழுப்பை எடுத்துப்போட்டு சூப்பு குடுங்க."

கருப்பாத்தாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இதுக்கா என்னைப் பட்டினி போட்டீங்க? உங்க சூப்புல சதை எங்க இருந்துச்சு? அத்தனையும் எலும்பு!"

இரண்டாம் பலூன் நல்லபடியாக முடிந்தது. இனி வராது என்று டாக்டர் சத்தியம் செய்யவில்லை. அவள் மட்டும், வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் மாசாணம் நேராகக் கறிக்கடைக்குப் போனான்.

"காலு மேல குத்தமில்லைன்னு டாக்டரே சொல்லிப்போட்டாருங்க பாய். புடிங்க, அந்தப் பாக்கிய."

"தொடச்ச கணக்காச்சே, மாசாணம்."

"பழி போட்டது நானுங்க. உங்க காசை நான் எப்படி வெச்சுக்கறது?"

பாய் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டார்.