கபுறுத் துண்டு

வயர் மூன்றாவது தடவையும் கழன்றது. சிபானா அதை இடது கையால் ஹார்ட் டிஸ்க்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மடிக்கணினியைத் தட்டினாள். மணி இரண்டே கால். பின்னேர அசர் தொழுகையோடு வாப்பாவின் ஜனாஸா அடக்கம். கபுறுக் குழி இன்னும் வெட்டத் தொடங்கவில்லை.

கபுறு வெட்டும் மசூர் மண்வெட்டியோடு மையவாடியில் நிற்கிறார். எங்கே வெட்டுவதென்றுதான் தெரியவில்லை.

கல்முனைக்குடிக் கடற்கரை மண்ணில், தலைமாட்டில் நடும் மீஸான் கட்டை நாலு வருடத்தில் உக்கிவிடும். மேடு தரையாகிவிடும். ஒருமுறை புதுக் கபுறு ஒன்றுக்குள் மண்வெட்டி இறங்கி ஊரே பதறியது. அதற்குப் பிறகு இடம் குறித்த துண்டுச் சீட்டு இல்லாமல் யாரும் வெட்டுவதில்லை. வரிசை, இலக்கம், பக்கத்தில் கிடப்பவரின் பெயர். வாப்பா கம்ப்யூட்டரில் பதிவு நிரலைப் பார்த்து எழுதிக் கொடுப்பார், இருபத்தேழு வருடமாக. போன மாத இடியில் அந்தக் கம்ப்யூட்டர் எரிந்தது; ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. மனப்பாடத்தில் சமாளித்தார். இன்று காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை.

வாப்பா பக்கீர் முகைதீனுக்கே துண்டு எழுத ஆளில்லை.

"கடையில குடுத்துப் பாத்தன். பழைய விண்டோஸுக்கு எழுதினதாம், புது விண்டோஸ்ல ஓடாதாம்," என்றான் அண்ணன் ஜவாத். "உன்ட கம்ப்யூட்டர்ல விண்டோஸே இல்ல. நீ என்னத்தக் கிழிக்கப் போறாய்?"

"லினக்ஸ்ல ஒரு வழி இரிக்கி காக்கா. பழைய விண்டோஸுக்குள்ள இரிக்கிறன் எண்டு அத நம்ப வைக்கலாம்."

திரையில் சிவப்பு மதுக்கிண்ணம் ஒன்று வந்து நின்றது. ஜவாத் குனிந்தான்.

"என்னடி இது, வைன் எண்டு கிடக்கு?"

"அந்த மென்பொருள்ட பேரே அதான்."

"மௌத்தான ஊட்டுல, யாசீன் ஓதக்குள்ள. கொஞ்சம் அங்கால திருப்பு. ஓதுற லெப்பை பாக்கிறார்."

அது ஓடவில்லை. ஏதோ ஒரு கோப்பு இல்லையாம். கைபேசி இணைப்பில் அதை இறக்கத் தொடங்கினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பெண்கள் இருந்த அறையிலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"மகள், வாப்பாட போட்டோவ பேஸ்புக்குல போட்டயா? நல்லாப் பெரிசாப் போடு. அவன் எங்க இரிந்தாலும் கண்டா வருவான்."

அவன் என்றால் கடைசித் தம்பி றிப்கான். சுனாமியில் போனபோது நாலு வயது. உடல் கிடைக்கவில்லை. யாரோ வீட்டில் வளர்கிறான் என்று உம்மா பொத்துவில் வரைக்கும் போய்த் தேடினா. ஒவ்வொரு தடவையும் வாப்பாவும் கூடவே போனார்.

வட்டம் நின்றது. வாப்பாவின் நிரல் திறந்தது. ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் கமாவும் புள்ளியுமாகக் குப்பை.

கைபேசி அடித்தது. மசூர்.

"மகள், ரெண்டே முக்காலாப் போச்சி. மணல் சரியும், பலகை வெக்கணும். கண்மதிப்புக்கு வெட்டட்டா?"

"வேணாம் மாமா. பத்து நிமிஷம்."

"உங்கட வாப்பா எண்டா பத்துச் செக்கன்ல தருவார்."

"அவர்தானே மாமா இப்ப காத்துக்கொண்டு கிடக்கார்."

பழைய டிஸ்க்கில் எழுத்துருவைத் தேடினாள். இருந்தது. எடுத்துப் போட்டாள். மூடித் திறந்தாள்.

'மையவாடிப் பதிவு.' சுத்தமான தமிழ். கீழே கட்டம் கட்டமாய் வரைபடம். ஆள் கிடந்தால் கறுப்பு, வெறுமை என்றால் வெள்ளை. வெள்ளையெல்லாம் கடல் பக்கக் கடைசி வரிசைகளில்தான்.

"இஞ்ச பாரு," ஜவாத் விரலை வைத்தான். "ஒம்பதாம் வரிசை. பழைய ஆக்களுக்கு நடுவுல ஒண்டு வெள்ளை."

தட்டினாள். வாப்பா எழுதியிருந்தார்: 'யாருக்கும் கொடுக்க வேண்டாம். எனக்கு.'

ஜவாத் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜனாஸா தூக்கும் சந்தூக்கை ஒழுங்குபடுத்த ஓடினான். சிபானா அழைத்தாள்.

"மாமா, ஒம்பதாம் வரிசை. இருபத்திரெண்டு."

"அங்க எல்லாம் ஒரே தரைதானே. பக்கத்துல ஆரு? பேரச் செல்லு, கட்டை ஏதும் மிஞ்சிக் கிடக்கா எண்டு பாப்பம்."

இருபத்தொன்றைத் தட்டினாள்.

"மகள்." உம்மா வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்றா. "இடம் கிடைச்சிட்டா?"

"ஓம் உம்மா."

"நல்ல இடமா? பக்கத்துல ஆராம்?"

சிபானா மடிக்கணினி மூடியைப் பாதி சாய்த்தாள்.

"மகள், கேக்குதா?" மசூர் கத்தினார். "பேரு?"

"பேரு வேணாம் மாமா. சின்னக் கபுறு ஒண்டு. வரிசைத் தொடக்கத்திலிரிந்து அளந்து வெட்டுங்க."

உம்மா இன்னும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றா. சாய்ந்த திரையில், கையகல இடைவெளிக்குள், நாலு வரி எரிந்துகொண்டிருந்தது.

பெயர்: றிப்கான். வயது 4.
தகப்பன்: பக்கீர் முகைதீன்.
அடக்கிய நாள்: 27.12.2004.
கபுறு வெட்டியவர்: தகப்பன்.