மனப்பாடம் செல்லாது

லிஃப்டம்மா குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனது என்று கேட்டவர்கள் எல்லாரும் முதலில் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன வந்தது? மூன்றாவது மாடியில் மாட்டிக்கொண்டவளுக்கல்லவா தெரியும்!

அந்தப் பெயர் அவளுக்கு வேலையால் வந்தது. ஒரு பெரிய கடையில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினாள். ஓட்டினாள் என்றால் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவது, கதவைத் திறப்பது, ஒவ்வொரு மாடியிலும் அறிவிப்புச் சொல்வது. "முதல் மாடி, பாத்திரங்கள், போர்வைகள், தலையணை உறைகள், பார்த்து இறங்குங்க." "இரண்டாவது மாடி, சட்டைகள், பெல்ட், குடை, பார்த்து இறங்குங்க." "மூன்றாவது மாடி, பொம்மைகள், சைக்கிள், குழந்தைகள் செருப்பு, பார்த்து இறங்குங்க." ஒரே மூச்சில், சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்பது கடையின் சட்டம். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் மகன் நேராக லிஃப்ட்டுக்குள் வந்து, மூலையில் புத்தகப் பையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வான். வாய்ப்பாடு ஏறாத மண்டையில் மூன்று மாடியும் தண்ணீர் பட்ட பாடாக ஏறியிருந்தது.

ஆனால் பாருங்கள், அத்தனை வருஷத்தில் அவள் படி ஏறியது அபூர்வம். வேலையை விட்டபின் அவளும் புருஷனும் லிஃப்ட் இருக்கிற கட்டடமாகப் பார்த்துத்தான் வீடு வாங்கினார்கள். பிறகு ஒரு தடவை முழங்கால் வலி என்று டாக்டரிடம் போனாள். "மாடிப்படி ஏறி இறங்குற பழக்கம் உண்டா?" என்று அவர் கேட்டார். "வேலையில இருந்தப்போ நாளைக்கு எரநூறு தடவை மாடிக்குப் போய் வந்தவ நான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது லிஃப்ட்டின் மோட்டார் கருகிப்போய், புதுசு வர மாசக்கணக்காகும் என்றார்கள். சேதி எட்டிய அன்றே மகன் வந்து நின்றான்.

"அம்மா, நீ கிளம்பு. என் வீடு தரைத்தளம். உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. படியே கிடையாது."

"எனக்கு இங்க ஒரு வீடே இருக்குடா."

"இருந்து என்ன பிரயோஜனம்? கீழ இறங்க முடியுமா உன்னால?"

"இறங்கலாம். ஏறுறதுதான் கொஞ்சம் யோசிக்கணும்."

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் கோபக்காரன் இல்லை, பயந்தாங்கொள்ளி. அப்பா குளியலறையில் விழுந்து உயிர் போய்க் கிடந்தபோது கதவை உடைத்துக்கொண்டு முதலில் உள்ளே போனவன் அவன்தான். அன்றிலிருந்து அம்மா ஒரு ரிங்கில் போனை எடுக்காவிட்டால் அவன் கார் சாவியைக் கையில் எடுத்துவிடுவான்.

மருமகளைப் பற்றி ஒரு குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும், அவ்வளவு தங்கமான பெண். ஆனாலும் அடுத்தவர் அடுப்படியில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு எத்தனை நாள் இருப்பது? லிஃப்டம்மாவுக்குத் தன் ஜன்னல் வேண்டும், தன் சாவி வேண்டும், ராத்திரி நினைத்த நேரத்துக்கு விளக்கை அணைக்கிற உரிமை வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மகன் வருவான். அவன் கண்ணெதிரே, யாரும் கை கொடுக்காமல், அவள் கீழேயிருந்து மூன்றாவது மாடிவரை ஏற வேண்டும். ஏறினால் இங்கேயே இருக்கலாம். முடியவில்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மறுநாளே முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பொண்ணு வீட்டுக்கு வந்தாள். இருபத்தைந்து வயசுகூட இருக்காது, விரட்டுகிற விரட்டில் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் தோற்றார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திரிக்க வேண்டும். பல் தேய்க்கும்போது வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், மேல்வரிசைக்கு இடது கால், கீழ்வரிசைக்கு வலது கால். குளித்ததும் கால்விரல் இடுக்கையெல்லாம் ஈரம் போகத் துடைக்க வேண்டும். தாகம் எடுக்கிறதோ இல்லையோ, தண்ணீர் குடிக்க வேண்டும்.

"ஏம்மா, கைக்குழந்தைக்குச் சொல்ற மாதிரியே எல்லாத்தையும் சொல்றியே?"

"கைக்குழந்தைக்குப் பார்த்துக்க ஆள் இருக்கு. உங்களை நீங்கதானே பார்த்துக்கணும்?"

லிஃப்டம்மாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது அங்கேதான்.

படி ஏறுவதற்கும் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறவும். ஒவ்வொரு மாடியிலும் நின்று ஒரு வாக்கியம் பேசிப் பார்க்கவும். மூச்சு முட்டாமல் முழுசாகப் பேச முடிந்தால் மேலே போகலாம். நடுவில் அறுந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். முதல் வாரத்துக்கு ஒரு மாடி இறங்கி ஒரு மாடி ஏறினால் போதும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

ஆசைப்படாமல் இருக்க அவள் என்ன சாமியாரா? மூன்றாம் நாளே பிடிவாதம் பிடித்துக் கீழே வரைக்கும் இறங்கிவிட்டாள். திரும்பி ஏறினாள். முதல் மாடியில் நின்றாள். ஒரு வாக்கியம் பேச வேண்டுமே, யாரிடம் பேசுவது? வாய் தானாகத் திறந்தது. "முதல் மாடி, பாத்திரங்கள், போர்வைகள், தலையணை உறைகள், பார்த்து இறங்குங்க." ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை! சபாஷ் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே ஏறினாள். இரண்டாவது மாடிக்கு வரும்போது முழங்கால் விண்விண் என்றது, காது அடைத்தது, கண்ணுக்குள் பூச்சி பறந்தது. ஆனால் சட்டையும் பெல்ட்டும் குடையும் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. அப்புறம் என்ன, பாஸ்தானே? இன்னும் நாலு படி ஏறினாள். அவ்வளவுதான். கால் இரண்டும் துணியாகத் துவண்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது மாடிப் பல் டாக்டர் கதவைத் திறந்து பார்த்தபோது அவள் கைப்பிடிக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல தம்பி. காத்து வாங்குறேன்."

"படிக்கட்டுல எங்கேர்ந்து காத்து வருது?"

அவர் நல்ல மனுஷர்தான். தண்ணீர் கொடுத்து, கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஆனால் வாய் ஓட்டை. அவள் கட்டிலில் சாய்வதற்குள் மகனுக்குப் போன் போய்விட்டது. அவன் முகம் வெளுத்து ஓடிவந்தான்.

"உனக்கு ஏதாவது ஆகிப்போச்சுன்னா? அப்பாவை அப்படிப் பார்த்தவன்மா நான். இன்னொரு தடவை என்னால முடியாது."

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. லிஃப்டம்மாவுக்கு வீங்கிய முழங்காலைவிட அதுதான் வலித்தது. பிள்ளையை இப்படி அலைய வைக்கிறோமே, பேசாமல் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனால் வாய் வேறு சொன்னது.

"மாசக் கடைசின்னுதானே பேச்சு? இன்னும் மாசம் முடியலையே."

வீக்கம் வடிய ஒரு வாரம் ஆனது. பிசியோ பொண்ணு வந்து நடந்ததையெல்லாம் கேட்டாள்.

"பேச முடிஞ்சுதுன்னு சொல்றீங்களே, என்ன பேசினீங்க?"

லிஃப்டம்மா சொல்லிக் காட்டினாள். மூன்று மாடியையும், ராகத்தோடு. அந்தப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா! அது உங்க வாயில தானா ஓடுற டேப். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வீங்க. உசுரு போற நேரத்துலகூட சொல்வீங்க. அது பரீட்சையே கிடையாது. இனிமே புதுசா ஏதாவது பேசணும். யோசிச்சுப் பேசணும். மனப்பாடம் செல்லாது!"

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்துக்கே பொழுதுபோக்குக் கிடைத்தது. முதலில் ஒரு மாடி, பிறகு இரண்டு. லிஃப்டம்மா நிற்கிற இடத்தில் எல்லாம் புதுசாக ஒரு வாக்கியம் வேண்டும். புதுசுக்கு எங்கே போவது? கண்ணில் பட்டதுதான். "முதல் மாடிக்காரங்க செருப்பைக் கழட்டிப் போட்டிருக்கிற லட்சணத்துக்கு, யாராவது தடுக்கி விழுந்தா பல் டாக்டருக்குத்தான் வருமானம்." "இந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சோ, பார்த்தா எனக்கே விக்கல் வருது." "டாக்டர் வீட்டுல இன்னிக்கும் காலையிலேயே சண்டை, ஆனா அந்த அம்மா பக்கம்தான் நியாயம் இருக்கு." சில நாள் "டாக்டர் வீட்டுல" என்பதற்குள்ளேயே மூச்சு அறுந்துபோகும். உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்து, மூச்சு வந்ததும், விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்திரிப்பாள். இரண்டு வாரத்தில் மாடிப்படியில் ஒரு செருப்பு கிடையாது. செடி தளதளவென்று துளிர்த்தது. பல் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போடப் பழகினார். அவள் பாட்டுக்கு ஒற்றைக் காலில் நின்று பல் தேய்த்தாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள், விரல் இடுக்கைத் துடைத்தாள், மறுபடியும் படிக்குப் போனாள்.

மாசக் கடைசி ஞாயிறு வந்தது. லிஃப்டம்மா முன்கூட்டியே கீழே இறங்கிக் காத்திருந்தாள். மகன் வந்தான். கையில் மடிக்காத பெரிய அட்டைப்பெட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, முகத்தை மறைக்கிற உயரத்துக்கு.

"இது எதுக்குடா?"

"சாமான் கட்டத்தான். மேல ஏறி இறங்கி இன்னொரு தடவை வர வேண்டாமேன்னு."

பார்த்தீர்களா? பரீட்சை எழுதுவதற்கு முன்பே பெயில் என்று முடிவு கட்டிவிட்டு வந்திருக்கிறான். லிஃப்டம்மாவுக்குச் சுருக்கென்றது. கைப்பிடியைப் பிடித்தாள். அவன் பெட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அம்மா விழுந்தால் தாங்குவதற்குத் தயாராக ஒரு படி பின்னால் வந்தான்.

முதல் மாடியில் நின்றாள். "வரும்போதே பெட்டியோட வந்திருக்கானே, பெத்தவமேல இவனுக்கு எவ்வளவு நம்பிக்கைன்னு எல்லாரும் பார்த்துக்கோங்க." முழுசாக வந்தது.

இரண்டாவது மாடிக்குப் போகும்போது முழங்கால் முனகியது. அவசரப்படவில்லை. நின்றாள், மூச்சை இழுத்து விட்டாள். பல் டாக்டர் கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. "தம்பி, கதவைத் திறந்துவச்சே பாருங்க, இன்னிக்கு நான் உங்களைப் பத்திப் பேசுறதா இல்ல." அதுவும் முழுசாக வந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

கடைசிப் படிகள் கொஞ்சம் நெட்டைப் படிகள். பழைய நாலாம் படி வந்தது. அவள் அதில் நிற்கவில்லை, அதைப் பார்க்கவும் இல்லை. கால் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டு ஏறினாள். கைப்பிடி முடிந்து, தன் வீட்டுக் கதவு கண்ணில் பட்டபோது, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

"ஏண்டா, ஏறிட்டேன் பார்த்தியா?" என்று திரும்பினாள்.

பின்னால் ஆளே இல்லை.

கீழே எட்டிப் பார்த்தாள். அவள் அன்று உட்கார்ந்த அதே நாலாம் படியில் மகன் உட்கார்ந்திருந்தான். பெட்டிகள் இரண்டாவது மாடிவரை உருண்டு கிடந்தன. காலையில் காரில் உட்காருகிறவன், ஆபீசில் நாற்காலியில் உட்காருகிறவன், ராத்திரி சோபாவில் உட்காருகிறவன். நாற்பத்தைந்து வயசு. முகம் சிவந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

லிஃப்டம்மாவுக்கு ஈரக்குலை நடுங்கிப்போனது. "கண்ணு, நெஞ்சு கிஞ்சு வலிக்குதாடா?"

அவன் இல்லை என்று கையை ஆட்டினான். சிரிக்கப் பார்த்தான். அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் குரலும் வந்தது.

"அப்படின்னா அங்கேயே உட்காரு. ஒரு வாக்கியம் முழுசா பேசு. பேசினாத்தான் மேல வரலாம்."

அவன் இரண்டு தடவை மூச்சை இழுத்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "மூன்றாவது மாடி, பொம்மைகள், சைக்கிள், குழந்தைகள் செருப்பு, பார்த்து இறங்குங்க." ஒரே இழுப்பு. புத்தகப் பைமேல் உட்கார்ந்திருந்த பையனின் அதே ராகம்.

லிஃப்டம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் சட்டம் சட்டம்தானே.

"மனப்பாடம் செல்லாது. புதுசா ஏதாவது சொல்லு."

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். மேலே, கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் நிற்கிற அம்மாவை. மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது.

"நீ இங்கேயே இரும்மா, நான் சனிக்கிழமை சனிக்கிழமை படி ஏற வர்றேன்."

எங்கேயும் அறுபடவில்லை.

"சரி, இப்ப ஏறு" என்றாள் லிஃப்டம்மா. "கைப்பிடியைப் பிடிச்சுக்கோ."